அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் நிதியுதவிப் படிவத்தின் பங்கு: விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துப் பழகிய குடும்பங்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்றால் ஒரு நிலையான வரிசை மனத்தில் இருக்கிறது. மதிப்பெண் வரும், தரவரிசை வரும், இடம் ஒதுக்கப்படும். கட்டணத்துக்கு வழி தேடுவதும் வங்கியில் கல்விக்கடன் கேட்பதும் அதன் பிறகுதான். அப்பாவின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது பிள்ளையின் தரவரிசையை ஓர் இடம்கூட முன்னும் பின்னும் நகர்த்தாது. ஆகவே, 'முதலில் சீட் கிடைக்கட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே நியாயமான பேச்சு. அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதே பேச்சைக் கடைப்பிடித்தால், இடம் கிடைத்தும் போக முடியாத நிலை வரலாம். சில கல்லூரிகளில் நான்கு ஆண்டுகளுக்கும் உதவி கேட்கும் வாய்ப்பே அடைபட்டுவிடலாம்.

அங்கே நிதியுதவிப் படிவம் சேர்க்கை முடிந்த பின் வரும் காகிதம் அன்று. பல கல்லூரிகளில், அதிலும் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில், அது சேர்க்கை விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகவே நடத்தப்படுகிறது. எந்தக் கல்லூரியில் அது முடிவைத் தொடும், எதில் தொடாது, தொடுமானால் எந்தக் கட்டத்தில் தொடும் என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் இந்திய வருமானத்தில் வாழும் பெற்றோரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். முதுநிலைப் படிப்புக்கான உதவி வேறு வழியில் நடப்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு அலுவலகங்களுக்கு இடையே என்ன நடக்கிறது

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்க்கை அலுவலகமும் நிதியுதவி அலுவலகமும் தனித்தனியானவை. முன்னது பிள்ளையின் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் முதலியவற்றைப் படிக்கிறது. பின்னது குடும்பத்தின் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் படித்து, இந்தக் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையைக் கணக்கிடுகிறது. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்ந்த மொத்த ஆண்டுச் செலவிலிருந்து அந்தத் தொகையைக் கழித்தால் வருவதே அந்த மாணவரின் 'தேவை'. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் மொத்தச் செலவு இப்போது ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருப்பதால், இங்கே நல்ல சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கும் தேவை பெரிதாகவே வரும். அதைக் குறித்துக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இந்தத் தேவை எவ்வளவு என்பது முடிவு எடுக்கும் மேசைக்குப் போகிறதா என்பதில்தான் கல்லூரிகள் பிரிகின்றன. அதைப் பார்க்காமல் முடிவெடுப்பவற்றை 'நீட் பிளைண்ட்' கல்லூரிகள் என்றும், பார்த்து முடிவெடுப்பவற்றை 'நீட் அவேர்' கல்லூரிகள் என்றும் சொல்கிறார்கள். இங்கே 'நீட்' என்பது தேவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நம் மருத்துவ நுழைவுத் தேர்வு அன்று. இதில் பெற்றோர் பெரும்பாலும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: இந்தக் கொள்கை கல்லூரிக்கு மட்டும் உரியது அன்று, விண்ணப்பிக்கும் மாணவரின் குடியுரிமையையும் பொறுத்தது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல் போன்றவை அமெரிக்கக் குடிமக்களின் தேவையைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு மாணவரின் தேவையைப் பார்க்கின்றன. 'அந்தக் கல்லூரி நீட் பிளைண்ட் என்று இணையத்தில் படித்தேன்' என்று ஒருவர் சொன்னால், அது யாருக்கு என்ற கேள்வியை உடனே கேட்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளையின் தேவையைப் பார்க்காமல் முடிவெடுத்து, சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும் நிறைவேற்றுவதாக உறுதி கூறும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுநாளாக இந்தப் பட்டியலில் இருக்கின்றன. டார்ட்மத்தும் போடினும் 2022இல் இதில் சேர்ந்தன. நோட்ர டேம் 2024இல் அறிவித்தது. பிரவுன் 2025இல் சேர்ந்த வகுப்பிலிருந்து இதைக் கடைப்பிடிக்கிறது. இவை அனைத்தும் இடம் கிடைப்பதற்கு மிகக் கடினமானவை என்பதால், இவற்றுக்கு மட்டும் விண்ணப்பித்து நிறுத்திக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

அடுத்த வட்டம் பெரிது: தேவையைப் பார்த்தே முடிவெடுக்கும், ஆனால் சேர்த்துக்கொண்ட மாணவரின் முழுத் தேவையையும் கொடுக்கும் கல்லூரிகள். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டும் கொலம்பியாவும் தவிர ஸ்வார்த்மோர், வெஸ்லியன், கிரின்னெல் போன்ற சிறிய கலை அறிவியல் கல்லூரிகள் இந்த வகையில் வருகின்றன. நம் ஊரில் பெயர் அதிகம் கேள்விப்படாத இந்தச் சிறு கல்லூரிகளைப் பெற்றோர் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். உதவி தேவைப்படும் இந்தியப் பிள்ளைக்கு உண்மையான வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வகை, தேவை அடிப்படையில் வெளிநாட்டு மாணவருக்கு எதுவும் தராதவை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களான பெர்க்லியும் யுசிஎல்ஏவும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் வருமானம் அங்கே சேர்க்கை முடிவைப் பாதிக்காது. ஆனால் இடம் கிடைத்த பிறகு முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். தேவையைப் பார்க்கமாட்டோம் என்ற வாக்குறுதியும் தேவையை நிறைவேற்றுவோம் என்ற வாக்குறுதியும் வெவ்வேறு. இரண்டாவது இல்லாமல் முதலாவதால் பயன் இல்லை.

தேவையைப் பார்க்கும் கல்லூரியில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது

இதைப் பற்றிப் பெற்றோரிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. உதவி கேட்டாலே விண்ணப்பம் குப்பைக்குப் போய்விடும் என்பது ஒன்று. பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் உதவி கேட்பது ஒரு பொருட்டே இல்லை என்பது இன்னொன்று. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இத்தகைய கல்லூரியில் வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரம்பு உண்டு. முதற்கட்ட வாசிப்பில் விண்ணப்பம் அதன் தகுதிக்காகவே படிக்கப்படுகிறது. தகுதியுள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இடங்களைவிடப் பலமடங்கு அதிகமாக இருக்கும். இறுதிக் கட்டத்தில் வகுப்பை உருவாக்கும்போது, அவர்களில் உதவி கேட்டவர்களின் தேவையும் மேசைக்கு வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவியும் நைரோபியிலிருந்து ஒரு மாணவரும் ஏறத்தாழ ஒரே தகுதியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னவருக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் தேவை, பின்னவருக்கு 35,000 டாலர். வரம்பில் மிச்சம் இருப்பது குறைவு என்றால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம். அதே கோயம்புத்தூர் மாணவி, அந்தக் கல்லூரி எப்படியும் வேண்டும் என்று நினைக்கும் அளவுக்குத் தனித்து நின்றால், 80,000 டாலரும் கொடுத்து அழைத்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் முழு உதவியுடன் இந்தியப் பிள்ளைகள் போய்ச் சேர்வது இப்படித்தான்.

எனவே தேவையின் அளவு முடிவைத் தொடுவது பெரும்பாலும் விளிம்பில் நிற்கும் விண்ணப்பங்களில்தான். ஆனால் போட்டி கடுமையாக இருக்கும்போது விளிம்பில் நிற்பவர்களே மிகுதி. காத்திருப்போர் பட்டியலில் இது இன்னும் கூர்மையாகிறது. பட்டியலிலிருந்து ஆள் எடுக்கும் நேரத்தில் உதவித்தொகை வரம்பு பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும் என்பதால், பெரிய தேவை உள்ளவர்கள் அதை நம்பி மற்றோர் இடத்தைக் கைவிடக் கூடாது.

நீட் பிளைண்ட் கல்லூரியில் சேர்க்கை அலுவலருக்குக் குடும்ப நிலையே தெரியாது என்றும் எண்ண வேண்டாம். பெற்றோரின் தொழில், படித்த பள்ளி, விண்ணப்பக் கட்டண விலக்கு கேட்டது, கட்டுரையில் பிள்ளை எழுதியது எல்லாம் அவர் கண் முன்னே இருக்கின்றன. கட்ட முடியாது என்பதைப் பிள்ளைக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்பதே அந்தக் கொள்கையின் பொருள். அதையும் எல்லாரும் எல்லாக் காலத்திலும் முழுமையாகக் காத்தார்களா என்பது நீதிமன்றம்வரை போன கேள்வி. உதவித்தொகையைக் கணக்கிடும் முறையில் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி உடன்பாடு செய்துகொள்ள 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 568ஆம் பிரிவு இடமளித்தது. சேர்க்கையில் தேவையைப் பார்க்காமல் இருப்பது அதற்கு நிபந்தனை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில பல்கலைக்கழகங்கள் சலுகை காட்டின, ஆகவே நிபந்தனையை மீறிவிட்டன என்று 2022 ஜனவரியில் சிகாகோவில் வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்தச் சட்டப் பிரிவும் காலாவதியானது. பல பல்கலைக்கழகங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே பெருந்தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

விண்ணப்பத்தில் வரும் அந்த ஒற்றைக் கேள்வி

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது, தேவை அடிப்படையிலான நிதியுதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா என்று கல்லூரிகள் கேட்கின்றன. ஆம் அல்லது இல்லை. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: உதவி இல்லாமல் நான்கு ஆண்டுச் செலவையும் உங்களால் கட்ட முடியாது என்றால், 'ஆம்' என்றே பதில் சொல்லுங்கள்.

'இல்லை' என்று குறித்து இடத்தை வாங்கிக்கொண்டு, சேர்ந்த பிறகு நிலைமையைச் சொல்லி உதவி கேட்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளுக்கு இந்த யோசனை புதிதன்று. அதற்கெதிராக விதி வைத்திருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், படிக்கும் நான்கு ஆண்டுகளில் எப்போதும் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது என்பது ஸ்டான்ஃபோர்டின் விதி. தேவையைப் பார்க்கும் வேறு பல கல்லூரிகளிலும் இதுபோன்ற விதி உண்டு. முதல் ஆண்டுக் கட்டணத்தை வீட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டு வழியில்லாமல் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள நேர்ந்தால் ஏற்படும் இழப்பு, முதலிலேயே இடம் கிடைக்காமல் போவதைவிடப் பெரிது.

பாதி வழி யோசனையும் ஒன்று சொல்லப்படுகிறது: உதவி கேட்கலாம், ஆனால் தேவை சிறிதாகத் தெரியும்படி, குடும்பத்தால் தர முடியும் என்று காட்டும் தொகையை ஏற்றிக் காட்டலாம் என்று. இதுவும் வேண்டாம். நீங்கள் எழுதிய தொகையை வைத்தே கல்லூரி உதவியை நிர்ணயிக்கும். விசாவுக்காகக் கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்தை வாங்க அந்தத் தொகை உங்களிடம் இருப்பதற்கு வங்கிச் சான்று காட்ட வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளும் அதே அளவில் கட்ட வேண்டும். ஆகவே விண்ணப்பப் பட்டியல் போடுவதற்கு முன்பே பெற்றோர் இருவரும் உட்கார்ந்து, கடன் உட்பட, ஆண்டுக்கு எவ்வளவு, நான்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் அந்தத் தொகை தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது என்பதையும், இங்கே வாங்கும் கல்விக்கடனுக்கு மாதத் தவணை யார் கட்டுவது என்பதையும் அந்தப் பேச்சிலேயே முடித்துவிடுவது நல்லது.

சிஎஸ்எஸ் புரொஃபைல்: நம் வீட்டுக் கணக்கை அந்தப் படிவத்தில் எழுதும் விதம்

வெளிநாட்டு மாணவரிடம் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் கேட்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இணைய நிதியுதவிப் படிவம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று திறக்கிறது. முதல் கல்லூரிக்கு 25 டாலரும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலரும் கட்டணம். பத்துக் கல்லூரிக்கு அனுப்பினால் 169 டாலர் ஆகிறது. இது பல குடும்பங்களுக்குச் சுமை. கட்ட இயலாதவர்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். சில கல்லூரிகள் கட்டண விலக்குக் குறியீடு தருகின்றன. வேறு சில, கட்டணமில்லாத ஐஎஸ்எஃப்ஏஏ என்ற சர்வதேச மாணவர் படிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. இப்படிக் கேட்பது சேர்க்கையைக் கெடுக்காது.

படிவத்தில் முதலில் எந்த நாணயத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்கும். இந்திய ரூபாய் என்று தேர்ந்த பிறகு எல்லா எண்களையும் ரூபாயிலேயே எழுதுங்கள்; சில இடங்களில் டாலராக மாற்றி எழுதிவிட்டால் குடும்ப வருமானம் நம்ப முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் என்றால் 1200000 என்று முழு எண்ணாகவே இட வேண்டும். நம் வருமான வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. எந்த நிதியாண்டின் எண்ணைத் தந்தீர்கள் என்பதைப் படிவத்தின் இறுதியில் உள்ள விளக்கப் பகுதியில் ஒரு வரியில் எழுதிவிட்டால், வாசிப்பவருக்குச் சந்தேகம் வராது.

அந்த விளக்கப் பகுதியைக் காலியாக விடுவது பெரிய நட்டம். நம் குடும்பங்களின் நிதிநிலை அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதால், தஞ்சாவூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருக்கலாம். அமெரிக்க அலுவலருக்கு அது வருமானத்தை மறைப்பதுபோலத் தோன்றாமல் இருக்க, வரிவிலக்குள்ள வருமானம் என்பதையும், சராசரியாக ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதையும், மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு குறையும் என்பதையும் எழுத வேண்டும். பங்கு பிரியாத பூர்விகச் சொத்தில் அப்பாவின் பங்கை மட்டும் மதிப்பாகக் காட்டி, பட்டா யார் யார் பெயரில் இருக்கிறது, ஏன் விற்க முடியாது என்று சொல்ல வேண்டும். தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவு, நகைக்கடன், தொழிலில் வாங்கிய கடன் ஆகியவற்றை மாதத் தொகையுடன் குறிக்க வேண்டும்.

அக்காவின் திருமணத்துக்கென்று வங்கியில் போட்டுவைத்த பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். என்ன நோக்கத்துக்காகச் சேமித்தாலும் கணக்கில் இருப்பது சேமிப்புதான். அதைக் காட்டியே ஆக வேண்டும். காட்டிவிட்டு, இது எதற்கு ஒதுக்கப்பட்டது என்று விளக்கத்தில் எழுதலாம், ஆனால் கல்லூரி அதை ஏற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளையின் பெயரில் உள்ள வைப்புத்தொகை பெற்றோர் பெயரில் உள்ளதைவிடக் கூடுதல் விகிதத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆவணங்களில் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பெயர் வழக்கத்தால் வருவது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, அப்பாவின் ஃபார்ம் 16இல் தாத்தாவின் பெயர் சேர்ந்து வேறு வடிவம். கல்லூரியின் கணினி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்தே கோப்புகளை இணைக்கிறது. பெயர் பொருந்தாத ஆவணம் வந்து சேர்ந்தும் சேராததாகவே காட்டும். கெடு முடிந்தால் விண்ணப்பம் முழுமையற்றது என்று ஆகிவிடும். எனவே காமன் ஆப், காலேஜ் போர்டு, கல்லூரித் தளம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி ஒரே வடிவத்தில் பெயரை எழுதுங்கள். அனுப்பும் ஒவ்வோர் ஆவணத்தின் முதல் பக்கத்திலும் மாணவரின் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண் ஆகியவற்றைக் குறியுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்து, கல்லூரி தன் தளத்தில் காட்டும் நிலுவைப் பட்டியலை வாரம்தோறும் சரிபாருங்கள்.

பழைய வருமானச் சான்றிதழ் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஏதோ ஓர் அரசுத் திட்டத்துக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் எடுத்த சான்றிதழில் ஒரு தொகையும், வரிக் கணக்கில் வேறு தொகையும் இருந்தால், இரண்டையும் சேர்த்து அனுப்பிய நொடியே உங்கள் கோப்பின் நம்பகத்தன்மை போய்விடுகிறது. வங்கிப் பரிவர்த்தனையோடு ஒத்துப்போகும் உண்மையான எண்ணை மட்டுமே எங்கும் தாருங்கள். தேவையைப் பார்க்கும் கல்லூரியில் கட்டுரையும் நிதிப் படிவமும் ஒரே கோப்பில் சந்திக்கின்றன. கட்டுரையில் அப்பாவின் கடை மூடப்பட்டது என்று பிள்ளை எழுதியிருக்க, படிவத்தில் கடை வருமானம் வழக்கம்போல் இருந்தால் அதற்கு விளக்கம் இருக்க வேண்டும். போலி ஆவணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: 2024இல் அமெரிக்காவில் போலி நிதி ஆவணங்களைக் கொடுத்து முழு உதவி பெற்ற இந்திய மாணவர் ஒருவர் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, கல்லூரியையும் இழந்து நாடு திரும்பினார். ஆவணம் தயாரித்துத் தருகிறேன் என்று சொல்லும் முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கெடு தேதியும் முன்கூட்டி விண்ணப்பிப்பதும்

நிதிப் படிவத்துக்குச் சேர்க்கை விண்ணப்பத்திலிருந்து தனியான கெடு உண்டு. முன்கூட்டிய சுற்றுக்கு அது பெரும்பாலும் நவம்பரிலும், வழக்கமான சுற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியிலும் வருகிறது. நீட் பிளைண்ட் கல்லூரியில் கெடு தவறினால் சேர்க்கை முடிவு வந்துவிடும், உதவிக் கடிதம் மட்டும் தாமதமாகும். நீட் அவேர் கல்லூரியில் உங்கள் தேவையைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க முடியாது என்பதால், படிவம் வராத விண்ணப்பம் அப்படியே நின்றுவிடக் கூடும்.

எர்லி டிசிஷன் என்பது ஒரே கல்லூரிக்கு, கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்திட்டு விண்ணப்பிக்கும் முறை. கல்லூரி தரும் உதவி போதவில்லை என்றால் அந்தக் கட்டிலிருந்து விலகிக்கொள்ள முடியும். ஆனால் வேறு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறீர்கள். உதவி தேவைப்படும் குடும்பம், முழுத் தேவையையும் நிறைவேற்றுவதாக உறுதி கூறும் கல்லூரிக்கு மட்டும் இந்த முறையைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின் முன்கூட்டிய சுற்று இப்படிக் கட்டிப்போடுவதில்லை. வேறு தனியார் கல்லூரிகளுக்கு அதே நேரத்தில் முன்கூட்டி விண்ணப்பிப்பதை மட்டும் கட்டுப்படுத்துகிறது.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளையும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளையும்

பெற்றோர் அங்கே வேலை செய்தபோது பிறந்து, இப்போது சென்னையிலோ மதுரையிலோ படிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தால், பெற்றோர் இந்தியர்களாக இந்தியாவிலேயே வாழ்ந்தாலும், அந்தப் பிள்ளை கூட்டாட்சி உதவிக்குத் தகுதி உடையவர். சேர்க்கையிலும் உள்நாட்டு மாணவருக்கான கொள்கையே பொருந்தும். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் போன்ற இடங்களில் இது பெரிய வேறுபாடு. இவர்கள் சிஎஸ்எஸ் புரொஃபைலோடு ஃபாஃப்சா என்ற அரசுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். அது கட்டணமில்லாதது. அதில் ரூபாயில் எழுத முடியாது. நிரப்பும் நாளின் மாற்று விகிதப்படி டாலராக்கி எழுத வேண்டும். அமெரிக்க அரசு தனிநபருக்குத் தரும் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரும் 2024-25 படிவத்திலிருந்து கணக்குத் தொடங்கிக் கையெழுத்திட முடிகிறது. 2015வரை இந்தப் படிவத்தில் மாணவர் எழுதிய கல்லூரிகளின் முழுப் பட்டியலும் ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் முதலில் எழுதிய கல்லூரிதான் மாணவரின் விருப்பம் என்று ஊகித்துச் சில கல்லூரிகள் சேர்க்கையிலும் உதவியிலும் அதைப் பயன்படுத்துவதாக எழுந்த கவலையால், 2016-17 படிவத்திலிருந்து அரசு அதை நிறுத்தியது. இப்போது எந்த வரிசையில் எழுதினாலும் கல்லூரிகளுக்குத் தெரியாது.

எதிர்நிலையில் இருப்பவர்கள், பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4இல் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வளர்ந்த பிள்ளைகள். பள்ளிப் படிப்பு முழுவதும் அங்கேயே முடித்திருந்தாலும், கிரீன் கார்டு வராதவரை கூட்டாட்சி உதவி இல்லை, பெரும்பாலான தனியார் கல்லூரிகள் உதவி விஷயத்தில் இவர்களை வெளிநாட்டு மாணவராகவே நடத்துகின்றன. எந்தப் பிரிவில் வைத்துப் படிப்பீர்கள் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்வது அவசியம்.

முடிவுக் கடிதம் வந்த பிறகு

வழக்கமான சுற்றின் முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும், மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தில் உதவி என்று போட்டிருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அதில் திருப்பித் தர வேண்டாத மானியம் எவ்வளவு, வளாகத்தில் வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்தச் செலவிலிருந்து மானியத்தை மட்டும் கழித்து வருவதே உங்கள் உண்மையான பாரம். விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் செலவுக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கலாம். இப்படிக் கேட்டதற்காக, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள், அப்படிச் செய்வதில்லை. நிதியுதவி அலுவலகத்துக்கே எழுத வேண்டும், சேர்க்கை அலுவலகத்துக்கு அன்று. படிவம் அனுப்பிய பின் வேலை போனது, அறுவைச் சிகிச்சைச் செலவு வந்தது என்பதுபோல் மாறிய நிலையைச் சான்றுடன் சொன்னால் மதிப்பு உண்டு. இதேபோன்ற கல்லூரி ஒன்று கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம். 'இன்னும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் பயன் இருக்காது. எவ்வளவு குறைகிறது, ஏன் குறைகிறது என்ற இரண்டும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

இதற்குப் பின் ஐ-20 படிவத்துக்காக வங்கிச் சான்று கேட்பார்கள். இது உதவி விண்ணப்பத்திலிருந்து வேறான காகிதம். முதல் ஆண்டுச் செலவில் உதவி போக மீதமுள்ள தொகை உங்களிடம் இருப்பதைக் காட்டினால் போதும். சென்னையில் விசா நேர்காணலுக்குப் போகும்போது உதவிக் கடிதம், ஐ-20, வங்கிச் சான்று மூன்றிலும் எண்கள் ஒத்திருக்க வேண்டும். அனுப்பிய எல்லாப் படிவங்களின் நகலையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். பல கல்லூரிகள் நிதி விவரத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கும், சென்ற ஆண்டு என்ன எழுதினோம் என்பது அப்போது உடனே தேவைப்படும்.